பாலன்ஸ் குமிழ்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கிரேன்காரர் அளவு டேப்பைக் கையில் எடுத்துவிட்டார். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டை அளந்தார். நடுத்தட்டை அளந்தார். கூடத்துக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அளந்ததில் நம்பிக்கை வராமல் உள்ளே போய் மறுபடியும் மேல்தட்டையே அளந்தார். குட்டி போட்ட பூனைகூட இவரிடம் தோற்றுவிடும். அப்படி இருப்புக் கொள்ளாமல் அலைந்தார் மனிதர்.

அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். கல்யாணமான புதிதில் கணவரின் தம்பி வைத்த பட்டம், அப்படியே ஒட்டிக்கொண்டது. காது மூக்கு தொண்டை கிளினிக் ஒன்றில், வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே கிளினிக், அதே நாற்காலி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலே வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும். துறைமுகத்துச் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டும் இந்த மனிதர் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்டு யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதமாகப் படுக்கையறையில் ஒரு மியூசிக் சிஸ்டம் வேண்டுமாம். புதிது கூடாதாம். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஸ்டீரியோ ரிசீவர்தான் வேண்டுமாம். ஒற்றைக்காலில் நிற்கிறார். போதாக்குறைக்கு, இத்தனை வருடம் படுத்த பக்கத்தை விட்டுவிட்டு, கட்டிலில் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டார். கேட்டதற்கு, அந்தப் பக்கம் காற்று வருகிறது என்றார்.

போன வாரம் இன்னும் ஒன்று சொன்னார். பாட்டுக் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொள்வேன், உனக்குத் தொந்தரவாக இருந்தால் மகள் அறையில் படுத்துக்கொள் என்றார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காதுக்காரி அழுதது அதற்குத்தான்.

பாட்டாவது கூத்தாவது, இந்த மனுஷன் என்னை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறார். முதலில் கட்டிலில் அந்தப் பக்கம், அடுத்தது கதவுக்கு அந்தப் பக்கம். ஏழு நாளாக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். இன்றைக்கு என்ன ஆனாலும் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

அதற்கு வழியும் தானாகவே வந்தது. எட்டரை மணிக்கு அவள் போனில் பழைய ரேடியோ கடைக்காரர் கூப்பிட்டார். தப்பாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, சார் இதுவரை மூன்று ரிசீவரை எடுத்துப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார், இன்றைக்கும் வரப் போகிறார், வீட்டு அம்மாவும் கூட வந்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

நானும் வருகிறேன் என்று அவள் சொன்னதும் கிரேன்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உனக்கு எதற்கு அலைச்சல் என்றார், சனிக்கிழமை உனக்கு ஓய்வு வேண்டாமா என்றார். இருபத்து மூன்று வருடத்தில் அவள் ஓய்வைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரே மகளும் தொற்றிக்கொண்டாள். வயது இருபது ஆகியும் வீட்டில் அவள் பெயர் வாலுதான். அப்பாவுக்கு இது ஒரு வயசு, அடுத்தது மோட்டார் பைக் கேட்பார் பார் என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே வந்தாள்.

கடை மூன்று தெரு தள்ளி. வழியெல்லாம் ஒரு வேடிக்கை நடந்தது. காதுக்காரி எப்போதும் போலக் கணவருக்கு இடப்பக்கமாக நடப்பாள். அவர் நாலு எட்டு வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு இவளுக்கு மறுபக்கம் வந்துவிடுவார். இவள் பழக்கத்தில் மறுபடி அந்தப் பக்கம் போவாள். அவர் மறுபடி சுற்றுவார்.

"என்னப்பா இது, ரெண்டு பேரும் நடு ரோட்ல டான்ஸ் ஆடுறீங்க?" என்றாள் வாலு.

வெயில் என்றார் அவர். தெருவில் இரண்டு பக்கமும் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

*

கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் அலமாரியில் ரிசீவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கியது. கெபாசிட்டர் மாற்றியது, டயல் பல்பு மாற்றியது, வால்யூம் கரகரப்பு நீக்கியது என்று கடைக்காரர் கையால் எழுதியிருந்தார். ஈயம் உருக்கிய வாசனை கடைசி வரை இருந்தது. கடைக்காரர் முன்காலத்தில் டிவி ரிப்பேர் பார்த்தவர். டிவியை யாரும் ரிப்பேர் செய்வதில்லை என்று ஆன பிறகு இதற்கு வந்துவிட்டவர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

இன்றைக்கு வேறு மூன்றைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தார். முதலாவது, முன்பக்கம் முழுக்க வெள்ளி நிறம், இரண்டு முள் ஆடும் மீட்டர், பக்கத்துக்கு அறுபது வாட்ஸ். வாலு தூக்கிப் பார்க்கப் போய், தூக்க முடியாமல் விட்டாள்.

அது கூடத்துக்குத்தான் சரி என்றார் கடைக்காரர். படுக்கையறையில் மெதுவாகத்தானே வைத்துக் கேட்பார்கள், பதினைந்து இருபது வாட்ஸ் தாராளம், இது கொதிக்கும், மூடிய அலமாரியில் வைத்தால் ஒரே வருடத்தில் படுத்துவிடும். மெதுவாக வைத்துக் கேட்கிறவர்கள் பார்க்க வேண்டியது லவுட்னஸ் பட்டன். சத்தம் குறைந்தால் முதலில் காணாமல் போவது அடித்தொனிதான், இந்தப் பட்டன் அதைத் தூக்கிக் கொடுக்கும். புதுசாக வருவதில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார்.

கிரேன்காரர் இதில் எதையும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. குனிந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் காதுக்காரி பக்கம் திரும்பினார். "பாருங்கம்மா. எல்லாரும் வாட்ஸ் கேப்பாங்க, மரம் ஒரிஜினலான்னு கேப்பாங்க. சார் மட்டும் பாலன்ஸ் நாப்ல எத்தனை புள்ளி போட்டிருக்குன்னு கேக்குறார். இத்தனை வருஷத்துல அதைக் கேட்ட ஒரே ஆள் இவர்தான்."

பாலன்ஸ் குமிழ் என்றால், சத்தத்தை இடது ஸ்பீக்கருக்கு அதிகமாகவோ வலது ஸ்பீக்கருக்கு அதிகமாகவோ ஒதுக்குவது. நடுவில் வைத்துவிட்டால் இரண்டிலும் சமமாக வரும். ஒரு தடவை நடுவில் வைத்த பிறகு அதை யாரும் தொடுவதே இல்லை.

மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது. பதினைந்து வாட்ஸ், கையடக்கமான பெட்டி, பழுப்பு மரம், டயலில் இளம்பச்சை வெளிச்சம். குமிழைச் சுற்றி இடப்பக்கம் பத்துப் புள்ளி, வலப்பக்கம் பத்துப் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் விரலில் ஒரு சின்ன 'டிக்' தட்டியது. அதை நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்காரர் ஒரு வயலின் இசைத்தட்டைப் போட்டார்.

காதுக்காரிக்கே மனசு இளகியது. நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரிப் பெட்டிகளையா வேண்டாம் என்றுவிட்டார் என்று நினைத்தாள்.

அவர் தலையை ஆட்டினார். "இடப்பக்கம் குறையுது."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மூன்று தடவையும் இதையேதான் சொன்னாராம். இந்தத் தடவை கடைக்காரர் முன்யோசனையோடு இருந்தார். பெட்டியின் பின்னால் போய், இடது ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வலப்பக்கத்திலும், வலது ஒயரை இடப்பக்கத்திலும் செருகினார். மிஷினில் இடப்பக்கம் பலவீனம் என்றால், இப்போது அந்தப் பலவீனம் வலது ஸ்பீக்கருக்குப் போயிருக்க வேண்டும், இப்போது கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

"இப்பவும் இடப்பக்கம்தான்" என்றார் கிரேன்காரர். குரலில் எரிச்சல் இல்லை, ஒரு மாதிரி களைப்பு இருந்தது. எழுந்து குமிழை இடப்பக்கமாக ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பினார். ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நிறுத்திவிட்டு ஸ்டூலுக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப சமமா இருக்கு."

"என்னப்பா சமம்? வலது ஸ்பீக்கர் செத்தே போச்சு" என்றாள் வாலு சிரித்துக்கொண்டே.

கடைக்காரரும் சிரித்தார். அறை மூலை, சுவர் எதிரொலி என்று ஏதேதோ காரணம் சொன்னார். காதுக்காரி சிரிக்கவில்லை. அவள் கணவரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காது முன்னால் வருகிற மாதிரி கழுத்து ஒரு விரற்கடை திரும்பியிருந்தது. அவருக்கே தெரியாமல் திரும்பியிருந்தது. அந்தத் திருப்பத்தை அவள் தினமும் பத்துப் பேரிடம் பார்க்கிறாள்.

தெருவில் ஆடிய டான்ஸ், கட்டிலில் மாறிய பக்கம், சாப்பாட்டு மேஜையில் ஓர நாற்காலிக்குப் போனது, போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு குருடிகூடக் கண்டுபிடித்திருப்பாள். கணவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்களிடம் அவள் கடுகடுவென்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கத்திலேயே இருக்கீங்க, இத்தனை நாள் கவனிக்காம என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க என்று கேட்பாள். அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இனிமேல் அந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்பது என்று இருந்தது.

வாலுவிடம், நீ இங்கேயே இரு, இந்தச் சின்னப் பெட்டியை வேறு யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள், ஒரு மணி நேரத்தில் வருகிறோம் என்றாள். கணவரிடம், கிளினிக் வரை ஒரு நடை போக வேண்டும், சாவி என்னிடம் இருக்கிறது, கூட வாருங்கள் என்றாள்.

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

*

சனிக்கிழமை கிளினிக் கிடையாது. வரவேற்பறை நாற்காலிகளெல்லாம் மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பரிசோதனை அறைக்குள் இன்னொரு அறை, நாலு பேர் நிற்கிற அளவு, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது, முன்பக்கம் கண்ணாடி. வருகிறவர் உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே மிஷின் முன்னால் இவள் உட்கார்ந்து, விசையை அமுக்கி ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். காதில் விழுந்தால் அவர் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும், இவள் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். விஷயம் அவ்வளவுதான்.

"திங்கட்கிழமை எப்படியும் எடுக்கத்தானே போறாங்க" என்றார் கிரேன்காரர், கண்ணாடி அறை வாசலில் நின்றுகொண்டு.

அதுவும் உண்மைதான். யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒரு முறை கண்ணும் காதும் பார்ப்பார்கள். காதுக்கு இந்தக் கிளினிக்குக்குத்தான் அனுப்புவார்கள். தேறினால் மறுபடி ஒரு வருடம் மேலே ஏறலாம். தேறாவிட்டால் தரையில் வேறு வேலை.

"திங்கட்கிழமைக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்" என்றாள் அவள். "உட்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி பக்கவாட்டில் பார்த்துப் போடப்பட்டிருக்கும், அதுதான் முறை. அவர் அதை நகர்த்தி அவளுக்கு நேரே திருப்பிக்கொண்டார். அவள் வெளியே வந்து மிஷினைப் போட்டு, வலது காதில் ஆரம்பித்தாள். வலது காது பழுதில்லை. இந்த வயதில் யாருக்கும் இருக்கக்கூடிய அளவுக்குத்தான் தேய்மானம்.

அடுத்தது இடது காது. முதல் ஒலி, விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள், கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது. கனத்த ஒலி, மெல்லிய ஒலி எல்லாவற்றுக்கும் எரிந்தது. சீட்டில் நீல மையில் குறித்துக்கொண்டே வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்றுமில்லை. ஒரு கோளாறும் இல்லை. நான்தான் பைத்தியம் மாதிரி என்னென்னவோ கற்பனை செய்துவிட்டேன், கடைக்காரர் மிஷின்தான் ஓட்டை. சிரிப்பும் அழுகையுமாக நிமிர்ந்து கண்ணாடி வழியே கணவரைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் அவள் வலது மணிக்கட்டில் இருந்தது.

இருபத்தாறு வருடமாக அந்த மனிதரின் தொழில் என்ன? பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் சிக்னல்காரனின் கையைப் பார்ப்பது. ஒரு விரல் மடங்கினால் தெரிந்துகொள்வார். மூன்றடி தூரத்தில் இருக்கிற பெண்டாட்டி கை அசைந்தால் தெரியாதா?

காதுக்காரி ஒலியை முழுக்க அணைத்தாள். ஹெட்ஃபோனில் இப்போது ஒன்றுமே வராது. மணிக்கட்டை மட்டும், எப்போதும் அசைப்பது போல, மெதுவாக அசைத்தாள்.

விளக்கு எரிந்தது.

இன்னொரு தடவை அசைத்தாள். எரிந்தது. மூன்றாவது தடவையும் எரிந்தது. கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான். ஆனால் பிடித்தவளுக்குத்தான் கை கால் ஓடவில்லை.

எழுந்து, கண்ணாடிக்கு மேலே சுருட்டி வைத்திருந்த திரையைக் கீழே இறக்கினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. நல்ல காது குறுக்கே வந்து உதவாமல் இருக்க, அதில் இரைச்சலை விட்டுவிட்டு, இடது காதை முதலிலிருந்து எடுத்தாள். விளக்கு எரியவில்லை. ஏற்றினாள், எரியவில்லை. லாரி ஹாரன் அளவுக்கு ஏற்றின பிறகு ஒரு தடவை மினுக்கியது. புதுச் சீட்டில் நீலக் கோடு அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

கதவைத் திறந்தாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

அவள் கணக்குப் போட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால், போன வருடப் பரிசோதனை அதற்குள் வருகிறது. நேரே அலமாரிக்குப் போய் யார்டுக்காரர்களின் கோப்பை இழுத்தாள். அவர் சீட்டு இருந்தது. இரண்டு காதும் அழகாக, மேல்மட்டத்தில், குறையே இல்லை. கீழே கையெழுத்து அவளுடையது.

வீட்டு ஆளுக்கு வீட்டு ஆள் எடுக்கக் கூடாது என்றுதான் விதி. கூட வேலை பார்க்கும் பெண் அப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள், டாக்டர் நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார். அன்றைக்கும் இவர் இந்த நாற்காலியை இப்படித்தான் திருப்பிப் போட்டார். முறையில்லையே என்று அவள் சொன்னதற்கு, உன் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேனே, அதுல உனக்கு என்ன நஷ்டம் என்றார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தார் என்பது ஒரு வருடம் கழித்து இப்போதுதான் தெரிகிறது.

"போன வருஷமும் இப்படித்தானா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆட்களின் தலைக்கு மேல் சரக்கைத் தூக்கியிருக்கிறீர்கள் என்று கத்தினாள். அவள் கத்தி அவர் பார்த்ததில்லை. நான் காதை வைத்தா ஓட்டுகிறேன், கண்ணை வைத்துத்தானே ஓட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். மழையில் கண்ணாடி மங்கினால் என்ன செய்வீர்கள், கீழே இருந்து யாராவது கத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் அவராகவே சொன்னார். "ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தன் கத்தினான். வாக்கி டாக்கியில நிறுத்து நிறுத்துன்னு. செட்டை எப்பவும் இடப்பக்கம்தான் மாட்டுவோம். எனக்கு விழல. சிக்னல்காரன் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடி வந்ததைப் பாத்து நிறுத்தினேன். கீழ ஒருத்தன் தலைக்கும் பெட்டிக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு."

செட்டில் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்களாம். யார்டில் அதுதான் பழக்கம், சத்தம் சரியில்லை என்றால் செட்டை மாற்று. இவரும் மாற்றினார். இன்னொன்று மாற்றினார். அப்போதுதான் ரிசீவர் யோசனை வந்தது. பழையதில்தான் கையால் திருப்புகிற பாலன்ஸ் குமிழ் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிற வரை திருப்பி, எத்தனையாவது புள்ளியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், காது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது புள்ளியைத் தாண்டினால் தானே போய்ச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது என்று வைத்திருந்தாராம். கடையில் பார்த்த ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு காட்டியது. பெட்டிதான் சரியில்லை என்று அடுத்ததைக் கேட்டார். இன்றைக்கும் எட்டு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றாள் அவள். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "ஊர்ல இருக்குறவங்க காதையெல்லாம் பாக்குறேன். பக்கத்துல படுத்திருக்குறவர் கடையில போய் டெஸ்ட் பண்ணிக்கிறார்."

"சொன்னா நீ மறைக்கணும். இல்லன்னா போன வருஷக் கையெழுத்துக்கு நீ மாட்டிக்கணும். ரெண்டுமே வேண்டாம்னுதான்."

என்னை விட்டு நகர்கிறார் என்று ஒரு வாரமாக அழுதாளே, அந்த நகர்தலுக்கு இதுதான் அர்த்தம். அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இப்படிக் குறைந்தால் டாக்டர் உடனே ஸ்கேன் எழுதுவார், அதில் என்ன வருமோ என்ற நினைப்பு வேறு நடுவில் வந்து போனது. மேஜையில் உட்கார்ந்து புதுச் சீட்டில் தேதி போட்டாள். பேனாவை எடுத்தவளை அவர் தடுத்தார். இந்தச் சீட்டு யார்டுக்குப் போனால் உன் வேலையும் போகும், திங்கட்கிழமை அந்தப் பெண் எடுக்கட்டும், என் தலையெழுத்துப்படி நடக்கட்டும் என்றார். அந்தப் பெண்ணும் நாற்காலியைத் திருப்பவிடுவாள், இருபத்தாறு வருஷ ஆள் என்று ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பது இருவருக்குமே தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யார்டு சூப்பர்வைசர். மாலை ஷிப்டுக்கு வர வேண்டியவனுக்குக் காய்ச்சல், நாலு மணிக்குக் கப்பலில் இருந்து இறக்க வேண்டியது நிறைய இருக்கிறது, வர முடியுமா என்று கேட்பதற்கு. இதுவரை அந்தக் கேள்விக்கு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டவர், பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கையை இல்லை, முகத்தைத்தான் பார்த்தார். போனை அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். நான் அவர் மனைவி பேசுகிறேன், இன்றைக்கு அவர் வர மாட்டார் என்றாள்.

உடம்பு சரியில்லையாம்மா, பரவாயில்லை, திங்கட்கிழமை காது டெஸ்டுக்காவது வந்துவிடுவார் இல்லையா என்றார் சூப்பர்வைசர்.

"டெஸ்ட் இப்பதான் எடுத்தேன். அவருக்கு இடது காது கேக்கல. இனிமே அவரை மேல ஏத்தாதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். மேஜைமேல் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "போன வருஷச் சீட்டு உங்க ஆபீஸ்ல இருக்கும். அதையும் எடுத்து வைங்க சார். அது தப்பு. அதுல இருக்குறது என் கையெழுத்து."

மறுமுனையில் யாரோ நடக்கும் சத்தமும் ஒரு கதவு சாத்தப்படும் சத்தமும் கேட்டன. பிறகு சூப்பர்வைசர், கொஞ்சம் லைனில் இருங்கள், மேனேஜர் பக்கத்தில்தான் இருக்கிறார், இப்போது சொன்னதை அவரிடமே இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்றார்.

கிரேன்காரர் எழுந்து வந்து அவளுக்கு இடப்பக்கமாக, தன் நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார். இருக்கிறேன் சார், கூப்பிடுங்கள் என்றாள் காதுக்காரி.